நம்மைத் தேடி வந்த பட்டணம்

காலை எட்டு மணிக்கு மாம்பலம் ஸ்டேஷனில் செங்கற்பட்டுக்குப் போகும் மின்சார ரயிலைப் பிடித்தேன். "கூட்டமெல்லாம் பட்டணத்துக்கு உள்ளே வரும் வண்டியில்தான் இருக்கும். நாமோ வெளியே போகிறோம். ஜன்னலோரத்தில் சாவகாசமாக உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டே போகலாம்" என்று நான் போட்ட கணக்கு, வண்டியில் கால் வைத்த நிமிஷத்திலேயே தப்பாகிப் போயிற்று. மகளிர் பெட்டியில் எள் போட்டால் எள் விழாது! கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டிபன் பையுமாக இளம் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் பட்டணத்துக்கு வெளியே வேலைக்குப் போகிறவர்கள்!

தாம்பரத்தில் கொஞ்சம் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பாட்டியம்மாள். மடியில் காய்கறிக் கூடை. எழுபதைத் தாண்டிய வயது. ஆனாலும் கண்ணில் நல்ல துடிப்பு.

"பாட்டி, எதுவரைக்கும்?" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"கூடுவாஞ்சேரியிலே எறங்கணும், கண்ணு. அங்கேருந்து ரெண்டு மைல்."

"பட்டணத்தை விட்டு இவ்வளவு தூரம் வந்து குடியிருக்கிறீர்களே, சிரமமாக இல்லையா?"

பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நான் எங்கே வந்தேன்? கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அதே வீடு, அதே வாசல்தான். ஒரு அடி நகரலே. பட்டணந்தான் என்னைத் தேடிக்கிட்டு வந்து வாசல்லே நிக்குது!"

அந்தப் பாட்டி பள்ளிக்கூடத்தில் எத்தனை வகுப்புப் படித்தாரோ தெரியாது. ஆனால் தமிழ்நாட்டு நகரங்களின் ஜனத்தொகைக் கதையை இதைவிடச் சுருக்கமாக எந்த நிபுணரும் சொல்லிவிட முடியாது என்றே தோன்றுகிறது.

நாலில் ஒன்று, இரண்டில் ஒன்று

1951-ல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கின்படி, நம் மாநிலத்தில் நூறு பேர் இருந்தால் அதில் 24 பேர்தான் நகரவாசிகள். மற்ற எல்லோரும் கிராமத்தார். 1991-ல் அந்த 24 மெல்ல மெல்ல ஏறி 34 ஆயிற்று. நாற்பது வருஷத்துக்குப் பத்தே படி! ஆனால் அடுத்த பத்தே வருஷத்தில், அதாவது 2001-ல், ஒரே தாவாகத் தாவி 44-ஐத் தொட்டது. 2011-ல் 48-ஐத் தாண்டியது. மொத்த ஜனத்தொகை 7 கோடியே 21 லட்சம். அதில் ஏறக்குறைய 3 கோடியே 49 லட்சம் பேர் நகரத்தார். அந்த 2011 கணக்கின்படி, இந்தியாவின் பெரிய மாநிலங்களில் இவ்வளவு தூரம் நகரமயமான மாநிலம் வேறு இல்லை.

"கிராமத்தில் இருந்தவர்கள் எல்லாம் மூட்டை முடிச்சோடு கிளம்பிப் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள்" என்று நாம் சட்டென்று முடிவு கட்டிவிடுவோம். வந்தவர்கள் உண்டுதான், நிறையவே உண்டு. ஆனால் அது பாதிக் கதை. மற்ற பாதி, கூடுவாஞ்சேரிப் பாட்டியின் கதை. 1991-ல் மாநிலத்தில் நகரம் என்று கணக்கில் ஏறிய ஊர்கள் 469. 2001-ல் அவை 832 ஆயின. 2011-ல் 1,097! ஜனங்கள் நகரத்துக்குப் போனார்கள் என்பதைவிட, அவர்கள் இருந்த ஊரே நகரமாக மாறிவிட்டது என்பதுதான் பொருத்தம்.

1970 வரை தமிழ்நாட்டில் மாநகராட்சி என்றால் சென்னை ஒன்றுதான். 1971-ல் மதுரை சேர்ந்தது. 1981-ல் கோயமுத்தூர். 2024-க்குள் எண்ணிக்கை 25 ஆகிவிட்டது. ஓசூர், ஆவடி, தாம்பரம், சிவகாசி, கரூர், காரைக்குடி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

எது நகரம்?

ஓர் ஊர் நகரமா, கிராமமா என்று யார் முடிவு செய்வது? இதில்தான் ஒரு வேடிக்கை இருக்கிறது.

நகராட்சி, பேரூராட்சி என்று சர்க்கார் சட்டப்படி அறிவித்துவிட்டால் அது நகரம். இந்த மாதிரி ஊர்கள் 2001-லும் 721, 2011-லும் 721. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படியானால் புதிதாகக் கூடிய நகரங்கள் எங்கிருந்து வந்தன? கணக்கெடுப்புக்காரர்கள் கண்டுபிடித்தவை அவை! அவர்கள் வைக்கும் பரீட்சைகள் மூன்று. ஊரில் ஐயாயிரம் பேராவது இருக்க வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும். வேலை செய்யும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். மூன்றிலும் தேறிவிட்டால் கணக்கில் அது நகரம். இப்படித் தேறிய ஊர்கள் 2001-ல் 111, 2011-ல் 376.

ஆனால் காகிதத்தில் நகரமானாலும் நிர்வாகத்தில் அது கிராமப் பஞ்சாயத்தாகவே இருக்கும். பத்து மாடிக் கட்டடம் வந்துவிடும். பாதாளச் சாக்கடை வராது. வாடகை நகரத்து வாடகை. தெரு விளக்கு கிராமத்து விளக்கு. குழாயைத் திறந்தால் காற்று. லாரியைக் கூப்பிட்டால் தண்ணீர். இந்த ஊர்களில் சில பிற்பாடு பக்கத்து மாநகராட்சியோடும் நகராட்சியோடும் சேர்ந்துகொண்டன என்பது வாஸ்தவம். சேராத ஊர்களில் இந்த இரண்டுங்கெட்டான் நிலையை அன்றாடம் அனுபவிப்பவள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லாரி எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருப்பவளுக்கே தெரியும்.

அந்த மூன்றாவது பரீட்சையை மறுபடி ஒரு தடவை படித்துப் பாருங்கள், சகோதரிகளே! "வேலை செய்யும் ஆண்கள்!" ஊர் நகரமாகிவிட்டதா என்று தீர்மானிக்க நம்முடைய வேலை தராசில் ஏறுவதே இல்லை! இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நடுவில் நிதானம், ஓரத்தில் ஓட்டம்

சென்னையின் கதைக்கு வருவோம். 1951-ல் சென்னையில் 14 லட்சம் பேர் இருந்தார்கள். 1981-ல் 32 லட்சத்து 76 ஆயிரம். முப்பது வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் 2001-ல் 43 லட்சத்து 43 ஆயிரமாக இருந்தது, 2011-ல் 46 லட்சத்து 46 ஆயிரம்தான் ஆயிற்று. பத்து வருஷத்தில் நூற்றுக்கு ஏழு வீதம்கூட முழுசாக ஏறவில்லை.

"இதென்ன அதிசயம்! தெருவில் நடக்க இடமில்லையே!" என்கிறீர்களா? நகரத்தின் நடுவில் இடம் தீர்ந்துவிட்டது. அதனால் ஓரம் பெருத்துவிட்டது. அதே பத்து வருஷத்தில் அன்றைய காஞ்சிபுரம் ஜில்லா நூற்றுக்கு 39 வீதமும், திருவள்ளூர் ஜில்லா 35 வீதமும் வளர்ந்திருக்கின்றன. நகரத்துக்குள் வீட்டு வாடகை கட்டுப்படியாகாதவர்கள் தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் போனார்கள். அவர்களுக்கு முன்பே வேலையும் வெளியே போய்விட்டது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மோட்டார்த் தொழிற்சாலைகளும் டெலிபோன் தொழிற்சாலைகளும் வந்தன. பழைய மாமல்லபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாக எழும்பின. காலை ரயிலில் எனக்கு ஜன்னலோரம் கிடைக்காத ரகசியம் இதுதான்! வெளியூர் பஸ்கள் புறப்படும் பெரிய நிலையமே 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் திறக்கப்பட்டுவிட்டது.

வளர்கிற பெண்ணின் பாவாடைக்கு மடிப்புத் தையலைப் பிரித்துவிடுவோம் அல்லவா? அதுபோல 2011-ல் சென்னை மாநகராட்சிக்கும் பிரித்துவிட்டார்கள். 174 சதுர கிலோமீட்டர் 426 ஆயிற்று. 155 வார்டுகள் 200 ஆயின. புது எல்லைக்குள் ஜனத்தொகை சுமார் 67 லட்சம். ஆகவே, "சென்னையில் இத்தனை பேர்" என்று யாராவது ஒரு கணக்குச் சொன்னால், "பழைய பாவாடையா, புதுப் பாவாடையா?" என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஏறிய ஊரும் இறங்கிய ஊரும்

எல்லா ஊரும் ஏறுமுகம்தான் என்று நினைக்க வேண்டாம். நீலகிரி ஜில்லாவில் 2001-ல் 7 லட்சத்து 62 ஆயிரம் பேர். 2011-ல் 7 லட்சத்து 35 ஆயிரம். உதகமண்டலமும் குன்னூரும் இளைத்திருக்கின்றன. அதைவிட ஆச்சரியம் வால்பாறை. தேயிலைத் தோட்டங்களை நம்பிய அந்த மலையூரில் 2001-ல் ஏறக்குறைய 95 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2011-ல் எண்ணியபோது 71 ஆயிரம் பேர்தான்! நாலில் ஒருவரைக் காணோம்.

காணாமல் போனவர்களில் ஒருத்தியைத் திருப்பூரில் பார்த்தேன்.

திருப்பூரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? நம் வீட்டு ஆண்பிள்ளைகளின் பனியன் பிறந்த ஊர். 1951-ல் அங்கே சுமார் 52 ஆயிரம் பேர். 1980-களில் ஏற்றுமதி சூடு பிடித்தது. ஊரும் சூடு பிடித்தது. 1991-ல் 2 லட்சத்து 35 ஆயிரம். 2011-ல் 4 லட்சத்து 44 ஆயிரம். சுற்றியிருக்கும் ஊர்களையும் சேர்த்தால் 9 லட்சத்து 63 ஆயிரம். 2008-ல் மாநகராட்சி, 2009-ல் தனி ஜில்லாவின் தலைநகர் என்று பதவி உயர்வும் கிடைத்துவிட்டது.

நான் போனது ஒரு லைன் வீட்டுக்கு. ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் வரிசையாகப் பத்துக் குடித்தனம். பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. வாசலில் உட்கார்ந்து சட்டைகளில் தொங்கும் நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள் நாற்பது வயதுப் பெண்மணி ஒருத்தி.

"வாங்கம்மா, உக்காருங்க" என்று பாயை நகர்த்தினாள். "எங்க ஆத்தா தேயிலை கிள்ளுச்சு. நானும் ஆறு வருசம் கிள்ளினேனுங்க. தோட்டத்துல வேலையும் கொறைஞ்சுது, கூலியும் கட்டல. அங்கேயும் லைன் வீடு, இங்கேயும் லைன் வீடு. என்ன, அங்கே அட்டைப்பூச்சி கடிச்சுது. இங்கே வாடகை கடிக்குதுங்க!"

கணவர் பனியன் கம்பெனியில் டெய்லர். இவள் பகலில் கம்பெனியில் செக்கிங்; ராத்திரி வீட்டுக்கு எடுத்து வந்து பிசிறு வெட்டல். பெண் கல்லூரியில் படிக்கிறாள். "அவ கத்தரி பிடிக்கக் கூடாதுங்க" என்று சொன்னபோது அவள் கையிலிருந்த கத்தரி ஒரு விநாடி நின்றது.

பக்கத்து வீட்டில் ஒடிஸாக்காரக் குடும்பம். எதிர் வீட்டில் பிஹார்க்காரப் பையன்கள் ஐந்து பேர். அண்ணாச்சி கடையில் ஹிந்தியிலும் விலை எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டில் பிள்ளைப்பேறு குறைந்துகொண்டே வருகிறது. 2020-ம் வருஷக் கணக்குப்படி, ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி ஒன்றரைகூட இல்லை. இயந்திரங்களோ கைகளைக் கேட்கின்றன. நம் வீட்டில் பிறக்காத கைகள் வெளி மாநிலத்திலிருந்து ரயிலேறி வருகின்றன. இதில் கோபிக்க என்ன இருக்கிறது? நம் ஜனங்களும் ஒரு காலத்தில் பம்பாய்க்கும் பெங்களூருக்கும் இப்படித்தானே போனார்கள்?

பெண்கள் எங்கே?

இனி நம் சங்கதி. 2001-ல் சென்னையில் ஆயிரம் ஆண்களுக்கு 957 பெண்கள் இருந்தார்கள். 2011-ல் 989. மாநிலத்தின் எல்லா நகரங்களையும் சேர்த்துப் பார்த்தால் 2001-ல் 982. 2011-ல் சரியாக ஆயிரத்துக்கு ஆயிரம்!

இதற்கு என்ன அர்த்தம்? ஒரு காலத்தில் பட்டணம் என்பது ஆண்பிள்ளை மட்டும் வந்து, ஓட்டலில் சாப்பிட்டு, அறையில் படுத்து, மாசா மாசம் மணியார்டர் அனுப்புகிற இடம். இப்போது குடும்பமே வருகிறது. அது மட்டுமல்ல, கல்யாணமாகாத பெண்கள் தனியாகவே வருகிறார்கள். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த தொழிலாளர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். முக்கியமாக மின்னணுத் தொழிற்சாலைப் பெண்களுக்காகக் கட்டியது. ஒரே விடுதியில் ஒரு சின்ன ஊரின் ஜனத்தொகை! திருவிழாவுக்குக்கூட அடுத்த ஊருக்குத் தனியாக அனுப்பாத தாய்மார்களின் பேத்திகள் இவர்கள்.

ஆனால் கணக்குப் புத்தகம் என்ன சொல்கிறது தெரியுமா? "ஏன் ஊர் மாறினீர்கள்?" என்று கணக்கெடுப்பில் கேட்பார்கள். சொல்லக் கூடிய காரணம் ஒன்றே ஒன்றுதான். நாடு முழுவதும் ஊர் மாறிய பெண்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் "கல்யாணம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கப்புறம் அந்தப் பெண் இருபது வருஷம் தறியில் உழைத்தாலும், இட்லிக் கடை வைத்தாலும், குடிபெயர்ந்த கணக்கில் அவள் கல்யாணப் பெண்தான்! திருப்பூர்க்காரியைப் போலப் புருஷனோடு பிழைப்புத் தேடி வந்தவள் "குடும்பத்தோடு வந்தவள்." அவள் பிசிறு வெட்டிய சட்டைகள் கடல் தாண்டிப் போயின. அவள் மட்டும் கணக்கைத் தாண்டவில்லை.

பழைய தலையெண்ணிக்கையும் புதிய குடங்களும்

"கணக்கில் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? அடுப்பில் உலை வைக்க வேண்டியது நாம்தானே!" என்று நீங்கள் கேட்கலாம். கணக்கில் வந்தால்தான் குழாய் வரும், நேயர்களே! எந்த ஊருக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை வார்டு, எங்கே பள்ளிக்கூடம், யாருக்கு ரேஷன் என்பதற்கெல்லாம் அடிப்படை தலையெண்ணிக்கை. 1881-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒரு தடவை தவறாமல் நடந்து வந்த கணக்கெடுப்பு, 2021-ல் கொரோனாவால் தடைப்பட்டது. அதன் பிறகும் தள்ளித் தள்ளிப் போயிற்று. 2011-ல் அளவெடுத்துத் தைத்த சட்டையை இத்தனை வருஷமாக நம் ஊர்களுக்கு மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். மூச்சுத் திணறாமல் என்ன செய்யும்?

குடித்தனங்களும் சின்னதாகிவிட்டன. 2011-லேயே தமிழ்நாட்டில் ஒரு குடித்தனத்துக்குச் சராசரி நாலு பேர்கூட இல்லை. பத்துப் பேர் ஒரு கூரையின் கீழ் இருந்தால் ஓர் அடுப்பு, ஒரு குழாய் போதும். அதே பத்துப் பேர் மூன்று வீடாகப் பிரிந்தால் மூன்று அடுப்பு, மூன்று குழாய். ஜனத்தொகை நிதானமாக ஏறினாலும் வீடுகளின் தொகை வேகமாக ஏறுகிறது. அறுபது வயது தாண்டியவர்களோ 2011-லேயே நூற்றுக்குப் பத்துப் பேர். வேலைக்குப் போகும் மருமகளும் தனியாக இருக்கும் மாமியாரும் வெவ்வேறு ஊர்களில் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

2025 ஜூனில் வெளியான அறிவிப்பின்படி, புதிய ஜனத்தொகைக் கணக்குக்கு 2027 மார்ச் 1-ஆம் தேதியைக் கணக்கு நாளாகக் குறித்திருக்கிறார்கள். கணக்கெடுப்பவர் வாசலில் வந்து நின்றாலும் சரி, டெலிபோனிலேயே நீங்கள் விவரம் பதிந்தாலும் சரி, ஒன்று மட்டும் செய்யுங்கள். வீட்டு ஆண்பிள்ளைகளிடம் அந்தப் பொறுப்பை விட்டுவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். ஊறுகாய் போட்டு விற்கிறீர்களா, துணி தைக்கிறீர்களா, பூக் கட்டுகிறீர்களா, ட்யூஷன் சொல்லிக் கொடுக்கிறீர்களா? அவ்வளவும் வேலைதான். வாய் திறந்து சொல்லுங்கள். சமையலையும் குழந்தை வளர்ப்பையும் கணக்கு வேலையாக ஏற்பதில்லை. அந்த வழக்கை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்!

இதையெல்லாம் கூடுவாஞ்சேரிப் பாட்டியிடமும் சொன்னேன். ஸ்டேஷன் வந்து இறங்கி, ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தோம். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை.

"போன தபா கணக்கெடுக்க ஒரு டீச்சரம்மா வந்தாங்க" என்று மெல்ல ஆரம்பித்தார். "எம் புள்ளைதான் பதில் சொன்னான். 'அம்மாவுக்கு என்ன வேலை?'ன்னு கேட்டாங்களாம். 'அம்மாவுக்கு என்ன, சும்மாதான் இருக்காங்க'ன்னானாம். அப்போ என்கிட்டே மூணு மாடு, கண்ணு. விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து கறந்து, நாலு தெருவுக்குப் பால் ஊத்திக்கிட்டிருந்தேன். அந்தப் பால் காசிலேதான் அவன் காலேஜு படிச்சான்."

பாலை விற்பது மட்டுமல்ல, மாடு வளர்த்துக் கறந்த பாலை வீட்டுக்கே செலவழித்தாலும் 2011 கணக்கெடுப்பு விதிப்படி அது வேலைதான். விதி பாட்டியின் பக்கம் இருந்தது. பதில் சொன்ன வாய்தான் பிள்ளையுடையதாகப் போயிற்று.

"இப்போது மாடு இருக்கிறதா, பாட்டி?"

"மேய்ச்சல் நெலமெல்லாம் ப்ளாட்டு போட்டுட்டாங்களே! எல்லாத்தையும் வித்தாச்சு. இப்போ அடுக்குமாடிக் குடித்தனக்காரங்களுக்குக் காய்கறி வாங்கித் தரேன். வீட்டுக்கு வீடு கணக்கு" என்று கூடையைத் தட்டிக் காட்டினார்.

ஆட்டோ வந்தது. ஏறி உட்கார்ந்த பாட்டி, தலையை வெளியே நீட்டினார்.

"அடுத்த தபா அந்த டீச்சரம்மா வரட்டும், கண்ணு. பதில் நானே சொல்லிக்கிறேன்!"